இரண்டு உலக்கை, ஒரே உரல்: லூயி ஆந்த்ரீஸனின் இசையைக் கேட்கத் தொடங்குவோருக்கு

நெல் குத்தும் உரலின் முன் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாற்றுலக்கை போடுவதைப் பார்த்தவர்கள் இன்று குறைவாக இருக்கலாம். ஆனால் அந்த ஓசையை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஒருத்தியின் உலக்கை மேலே எழும் அதே கணத்தில் மற்றவளின் உலக்கை உரலுக்குள் இறங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே ஆள் இரட்டை வேகத்தில் குத்துவது போலிருக்கும். கண்ணைத் திறந்து பார்த்தால், அந்த வேகம் இருவரில் எவருக்கும் தனியாகச் சொந்தமில்லை என்பது புரியும். ஒருத்தியின் கவனம் பிசகினால் உலக்கைகள் மோதிக்கொள்ளும். ஒருத்தி நிறுத்திவிட்டால் மற்றவளிடம் எஞ்சுவது பாதித் தாளம்தான்.

ஐரோப்பிய இசையில் இந்த உத்திக்கு ஹாக்கெட் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் விக்கலைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடைய பெயர் அது. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் தேவாலயங்களில் பாடிய பாடகர்கள் ஒரே மெட்டைத் துண்டு துண்டாக வெட்டித் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் ஒரு சுரத்தைப் பாடி நிறுத்த, அந்த இடைவெளியில் மற்றவர் அடுத்த சுரத்தை வைப்பார். கேட்பவருக்கு விக்கலெடுப்பது போலத் தோன்றியதில் வியப்பில்லை. 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போப்பாண்டவர் 22-ஆம் ஜான், தேவாலய மெட்டுகளை இப்படிக் கண்டதுண்டமாக்குவதைக் கண்டித்து ஆணையே பிறப்பித்தார். ஒரு தாள உத்தியைப் பற்றி அதிகார பீடம் ஒன்று கவலைப்பட்டு எழுத வேண்டியிருந்தது என்ற இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் உதவும்.

கர்நாடக இசைக் கச்சேரிக்குப் பழகியவர்கள் இதைத் தனி ஆவர்த்தனத்தோடு ஒப்பிட நினைப்பார்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்துக் குறைப்பில் நெருங்கி வரும் இடம் இதற்கு அருகில் வருகிறதே தவிர, இதுவே அல்ல. அங்கே ஒருவர் வாசிப்பது தன்னளவில் முழுமையான சொற்கட்டு. மற்றவர் அதற்குப் பதில் சொல்கிறார். ஹாக்கெட்டில் இருவருமே முழுமையான எதையும் சொல்வதில்லை. ஒருவரின் மௌனத்தில்தான் மற்றவரின் ஒலிக்கு இடம் கிடைக்கிறது.

இந்தப் பழைய உத்தியை எடுத்து 1976-ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் ஒருவர் ஒரு படைப்பு எழுதினார். அவர் பெயர் லூயி ஆந்த்ரீஸன். படைப்பின் பெயர் ஹொக்கெட்டுஸ், அதாவது ஹாக்கெட் என்பதன் இலத்தீன் வடிவம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நெதர்லாந்து உலகத்துக்குத் தந்த இசையமைப்பாளர்களில் இவரே தலையாயவர் என்பது என் கருத்து. அவரது இசைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசலும் எனக்குத் தெரியாது.

மேடையில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இரண்டு குழுக்கள் மேடையின் இடப்புறமும் வலப்புறமும் முடிந்தவரை விலகி அமர்ந்திருக்கின்றன. இரண்டும் ஒன்றன் நிழல் மற்றொன்று என்று சொல்லத்தக்க இரட்டைகள்: ஒவ்வொன்றிலும் பல நீளங்களில் குழாய்களை வரிசையாகக் கட்டிய பான் குழல், ஒரு பியானோ, ஒரு மின்பியானோ, ஒரு பேஸ் கிட்டார், கையால் தட்டும் காங்கா முழவுகள். இடப்பக்கக் குழு ஒரு சுரக்கூட்டை ஓங்கி அடிக்கிறது. அது அடங்குமுன் வலப்பக்கக் குழு அடிக்கிறது. மறுபடி இடம், மறுபடி வலம். இரண்டு குழுக்களும் சேர்ந்து ஒலிக்கும் கணம் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர் அதற்குப் பழகிவிட்டார் என்ற நிலையில் ஓர் அடி கூடுகிறது, அல்லது இடம் மாறுகிறது. முதலில் எளிதாகத் தெரிந்த மாற்றல் மெல்லமெல்லச் சிக்கலாகி, எந்த ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாத நிலைக்குப் போகிறது. இசைக்கும் பத்துப் பேரில் எவராலும் இந்தப் படைப்பைத் தனியாகப் பயிற்சி செய்ய முடியாது என்பதை யோசித்துப் பாருங்கள். தன் வீட்டில் உட்கார்ந்து ஒருவர் வாசித்தால் அங்கே இசையே இருக்காது. ஓட்டைகள் நிறைந்த ஒரு தட்டல் மட்டும் இருக்கும்.

ஆந்த்ரீஸனைப் புரிந்துகொள்ளத் தேவையான கருத்து இதற்குள்ளேயே இருக்கிறது. ஓர் இசைப்படைப்பு என்றால் மெட்டும் தாளமும்தான் என்று நாம் எண்ணுகிறோம். அவர் அதை ஏற்கவில்லை. எந்தக் கருவிகள், எத்தனை பேர், அவர்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள், யார் யாருக்குக் கட்டுப்பட்டு வாசிக்கிறார்கள், யார் கூலி கொடுக்கிறார்கள், எந்தக் கூடத்தில் யாருக்காக வாசிக்கிறார்கள் என்பதெல்லாம் இசையமைப்பின் பகுதிகளே என்று அவர் நினைத்தார். ஓர் இசைக்குழு என்பது ஒரு சிறிய சமூகம். அதன் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு சுரங்களை மட்டும் புதிதாக எழுதினால் இசை புதிதாகிவிடாது.

இந்த எண்ணம் வெளியிலிருந்து வந்த ஒருவருக்குத் தோன்றியதல்ல. ஐரோப்பியச் செவ்வியல் இசையின் நடுவீட்டிலேயே பிறந்தவர் அவர். 1939-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் உட்ரெக்ட் நகரில் பிறந்தார். தந்தை ஹென்ட்ரிக் ஆந்த்ரீஸன் அந்நகரக் கத்தோலிக்கப் பேராலயத்தின் ஆர்கன் கலைஞர், பெயர்பெற்ற இசையமைப்பாளர், பின்னாளில் ஹேக் நகரின் அரச இசைக்கல்லூரிக்கு இயக்குநர். பெரியப்பா வில்லம் பியானோ கலைஞர். அண்ணன் யூரியானும் அக்கா சிசிலியாவும் இசையமைப்பாளர்கள். தந்தைக்கு ஜெர்மானிய இசையின் கனத்தைவிடப் பிரெஞ்சு இசையின் தெளிவில் பற்று அதிகம். அது மகனுக்கும் வந்தது. அண்ணன் அமெரிக்கா சென்று திரும்பியபோது கொண்டுவந்த ஜாஸ் இசைத்தட்டுகள் சிறுவன் லூயிக்கு இன்னொரு உலகத்தைத் திறந்துவிட்டன. ட்ரம்பெட்டுகளும் ட்ராம்போன்களும் சாக்ஸபோன்களும் வரிசையாக நின்று ஒரே மூச்சில் ஊதும் பெரிய ஜாஸ் குழுக்களின் அந்த ஒலி அவர் காதைவிட்டுப் போகவே இல்லை. அவர் வாழ்நாள் முழுவதும் வணங்கிய இன்னொருவர் ரஷ்ய இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி. அவரைப் பற்றி எல்மர் ஸ்கோன்பெர்கர் என்ற நண்பரோடு சேர்ந்து 1983-இல் ஒரு நூலே எழுதினார்.

ஹேக் இசைக்கல்லூரியில் கேஸ் வான் பாரன் என்பவரிடம் பயின்றார். அப்போது ஐரோப்பா முழுவதும் இளைஞர்கள் பன்னிரண்டு சுரங்களையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் கட்டி, அந்த வரிசையிலிருந்தே படைப்பு முழுவதையும் கணக்கிட்டு உருவாக்கும் முறையில் மூழ்கியிருந்தார்கள். இவரும் எழுதிப் பார்த்தார். பிறகு இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சியானோ பேரியோவிடம் மிலானிலும் பெர்லினிலும் 1962 முதல் 1965 வரை படித்தார். ஊர் திரும்பியபோது நெதர்லாந்து கொந்தளித்துக்கொண்டிருந்தது: வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலங்கள், மாணவர் போராட்டங்கள், பழைய மரியாதைகள் எல்லாவற்றையும் கேள்வி கேட்ட ஒரு தலைமுறை.

1969-இல் இரண்டு நிகழ்ச்சிகள். கோடையில், ஆந்த்ரீஸன், ரைன்பெர்ட் டெ லேவ், மிஷா மெங்கெல்பெர்க், பேட்டர் ஸ்ஹாட், யான் வான் ஃப்ளைமன் ஆகிய ஐந்து இசையமைப்பாளர்கள் சேர்ந்து எழுதிய ஓர் ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகம், ஆம்ஸ்டர்டாமில் அரங்கேறியது. சே குவேராவை மையமாகக் கொண்ட அந்தப் படைப்புக்கு ஹூகோ க்ளவுஸ், ஹாரி மூலிஷ் என்ற இரண்டு முன்னணி எழுத்தாளர்கள் உரை எழுதினார்கள். ஐவரில் யார் எந்தப் பகுதியை எழுதினார் என்று பிரித்துச் சொல்லாமல் கூட்டுப் படைப்பாகவே முன்வைத்தார்கள் என்பதிலேயே அவர்கள் எண்ணம் தெரிகிறது.

நவம்பர் 17-ஆம் நாள் நடந்தது இன்னும் பெரிதாகப் பேசப்பட்டது. ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபவ் இசைக்கூடம் 1888 முதல் நாட்டின் இசைப் பெருமிதமாக இருந்துவந்தது. அதன் பெயரையே கொண்ட சிம்பொனி இசைக்குழு உலகின் சிறந்த குழுக்களில் ஒன்று. அன்று மாலை பெர்னார்ட் ஹைடிங்க் நடத்தவிருந்த கச்சேரி தொடங்கியபோது, அவையில் ஆங்காங்கே அமர்ந்திருந்த இளம் இசைக்கலைஞர்கள் குழந்தைகளின் கிளிக்கர் பொம்மைகளையும் கிலுகிலுப்பைகளையும் எடுத்து ஒலியெழுப்பத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் ஆந்த்ரீஸனும் இருந்தார். பாக்கு உடைக்கும் ஓசை போன்ற அந்தச் சத்தத்தினாலோ என்னவோ, இந்த நிகழ்ச்சிக்குக் கொட்டைவெட்டிப் போராட்டம் என்ற பொருள்படும் பெயர் நிலைத்தது. அவர்களது கோரிக்கை, இசைக்குழுவின் நிகழ்ச்சிக் கொள்கையைப் பற்றி வெளிப்படையான விவாதம் வேண்டும் என்பது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஓர் அமைப்பு, உயிரோடிருக்கும் இசையமைப்பாளர்களைப் புறக்கணித்துவிட்டு, நூறாண்டுக்கு முந்தைய இசையையே திரும்பத் திரும்ப வாசிப்பது ஏன் என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களை அவையிலிருந்து வெளியேற்றிவிட்டுக் கச்சேரி தொடர்ந்தது.

கச்சேரியைக் குலைப்பது முறையா என்று கேட்பவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. அன்று அங்கே வாசிக்க அமர்ந்திருந்த கலைஞர்களும் உழைப்பாளிகள்தாம். ஆனாலும் ஆந்த்ரீஸன் அந்தக் கூச்சலோடு நின்றிருந்தால் இன்று அவரைப் பற்றி எழுத எதுவும் இருந்திராது. அவர் செய்த அடுத்த காரியம்தான் முக்கியமானது: சிம்பொனி இசைக்குழுவுக்கு எழுதுவதை விட்டுவிட்டு, தனக்கு வேண்டிய இசைக்குழுவைத் தானே கட்டத் தொடங்கினார்.

சிம்பொனி இசைக்குழு எப்படி அமைந்திருக்கிறது என்பது தெரிந்தால்தான் அவர் எதை விலக்கினார் என்பது விளங்கும். எண்பது, தொண்ணூறு பேர் அமரும் அக்குழுவில் பாதிக்கும் மேற்பட்டோர் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்ற வில்வாத்தியக்காரர்கள். பதினைந்து பேர் ஒரே வரியைச் சேர்ந்து வாசிப்பார்கள். விரலை நரம்பின்மீது அசைத்து ஒலிக்கு ஒரு நடுக்கத்தையும் வெதுவெதுப்பையும் கொடுப்பார்கள். கமகத்துக்குப் பழகிய நமக்கு இந்த அசைவு சிறியதாகத் தெரியலாம். ஆனால் ஐரோப்பியக் காதுக்கு அதுதான் உணர்ச்சியின் அடையாளம். எல்லாருக்கும் மேலே, கையில் சிறு கோலோடு ஒரு நடத்துநர். ஆந்த்ரீஸனுக்கு இந்த அமைப்பே 19-ஆம் நூற்றாண்டின் முதலாளிகளும் முடியரசுகளும் விட்டுச்சென்ற ஒரு சமூக ஏணியாகப் பட்டது.

அதற்கு மாற்றாக அவர் 1972-இல் ஒரு தெருமுனைக் குழுவை உருவாக்கினார். டெ வோல்ஹார்டிங் என்று அதற்குப் பெயர். விடாமுயற்சி என்று பொருள். சாக்ஸபோன் கலைஞர் வில்லம் ப்ரேய்கரோடு சேர்ந்து தொடங்கிய அக்குழுவில் மூன்று சாக்ஸபோன், மூன்று ட்ரம்பெட், மூன்று ட்ராம்போன், ஒரு பியானோ. பியானோவில் அமர்ந்தவர் ஆந்த்ரீஸன். ஜாஸ் உலகத்திலிருந்து வந்தவர்களும் இசைக்கல்லூரியில் பயின்றவர்களும் ஒரே வரிசையில் நின்று ஊதினார்கள். என்ன வாசிப்பது, எங்கே வாசிப்பது என்பதை எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். இசைக்கூடங்களில் மட்டுமன்றி அரசியல் கூட்டங்களிலும் வாசித்தார்கள். ஊது கருவிகளைத் தேர்ந்தெடுத்ததற்கு இசைக்காரணத்தோடு நடைமுறைக் காரணமும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது: திறந்தவெளியில், கூட்டத்துக்கு நடுவில், ஒலிபெருக்கி இல்லாமலேயே அவை காதுக்கு எட்டும்.

அந்தக் குழுவுக்காக 1975-இல் எழுதிய தொழிலாளர் சங்கம் என்னும் படைப்பின் இசைக்குறிப்பைப் பார்த்தால், இசை படிக்கத் தெரியாதவருக்கும் அவரது எண்ணம் பிடிபட்டுவிடும். மேற்கத்திய இசைக்குறிப்பில் ஐந்து கோடுகள் இருக்கும். எந்தக் கோட்டில் புள்ளி இருக்கிறதோ அதைக் கொண்டு எந்தச் சுரம் என்று அறிவார்கள். இந்தப் படைப்பில் ஒரே ஒரு கோடு. அது அந்தந்தக் கருவியின் நடுச்சுரத்தைக் குறிக்கிறது. புள்ளிகள் கோட்டுக்கு மேலே போனால் மேல்சுரம், கீழே போனால் கீழ்ச்சுரம். எந்தச் சுரம் என்பது வாசிப்பவர் விருப்பம். ஆனால் தாளத்தில் விருப்பத்துக்கு இடமே இல்லை. இம்மி பிசகாமல் எல்லாரும் ஒன்றாக அடிக்க வேண்டும். எந்தக் கருவி என்றும் குறிப்பிடவில்லை. உரத்து ஒலிக்கும் கருவிகளின் எந்தக் கூட்டமும் வாசிக்கலாம். ஒவ்வொருவரும் தன் பங்கு இன்றியமையாதது என்ற உறுதியோடு வாசித்தால்தான் இது வெற்றிபெறும், அரசியல் பணியைப் போலவே, என்று அவர் குறிப்பு எழுதினார். சுரத்தில் சுதந்திரம், தாளத்தில் ஒற்றுமை: ஒரு சங்கம் எப்படி இயங்க வேண்டும் என்று அவர் நினைத்ததை இசைக்குறிப்பாகவே வரைந்துவிட்டார். நேரில் கேட்டால் ஒரு பட்டறைக்குள் நிற்பது போலிருக்கும். இனிமையாக இருக்குமா என்று கேட்டால், இராது. ஆனால் ஒலியின் அந்த ஒருமித்த வேகத்தில் உடம்பு தானாக நிமிர்ந்து உட்காரும்.

இதே காலத்தில் அமெரிக்காவில் டெரி ரைலி, ஸ்டீவ் ரைக் போன்றவர்கள் சிறு சுரக்கோவைகளைத் திரும்பத் திரும்ப இசைத்து, மெல்ல மாற்றிச்செல்லும் முறையை உருவாக்கியிருந்தார்கள். மினிமலிசம் என்று அதற்குப் பெயர். ஆந்த்ரீஸன் அதைக் கவனித்துக் கேட்டார்; திரும்ப வருதல் என்ற கருவியை எடுத்துக்கொண்டார்; அதன் மென்மையை எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கர்களின் சுரக்கூட்டுகள் பெரும்பாலும் இதமானவை, இவருடையவை உரசுபவை. அங்கே நீரோடை போல நீளும் ஒலி. இங்கே சம்மட்டி அடி.

இந்த நூல்கள் எல்லாம் முறுக்கேறி ஒரே கயிறான இடம் டெ ஸ்டாட். அரசு அல்லது குடியரசு என்று பொருள். 1972-இல் தொடங்கி 1976-இல் முடித்தார். அந்த ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் அரங்கேறியது. 1977-இல் யுனெஸ்கோவின் பன்னாட்டு இசையமைப்பாளர் அவையில் சிறப்பிடம் பெற்று அவரை உலகறியச் செய்தது. ஏறத்தாழ 35 நிமிடங்கள் நீளும் இந்தப் படைப்பின் பாடல்வரிகள் கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோவின் குடியரசு நூலிலிருந்து, கிரேக்க மொழியிலேயே எடுக்கப்பட்டவை.

அங்கே பிளேட்டோ சொல்வது என்ன? ஓர் இலட்சிய அரசில் எல்லாப் பண்களுக்கும் இடம் தரக் கூடாது. புலம்பலுக்குரிய பண்கள் வீரர்களைத் தளர்த்திவிடும்; விருந்துக்குரிய பண்கள் சோம்பலைத் தரும். துணிவுக்கு ஒன்று, நிதானத்துக்கு ஒன்று என்று இரண்டு பண்கள் போதும். பல நரம்புகள் கொண்ட கருவிகளும் வேண்டாம். அவற்றைச் செய்யும் தொழிலாளர்களும் வேண்டாம். பிறகு வருகிறது புகழ்பெற்ற அந்த எச்சரிக்கை: இசையின் முறைகளை மாற்றினால் அரசின் அடிப்படைச் சட்டங்களும் மாறிவிடும். ஏழைத் தேவாலயப் பாடகர்களின் விக்கலுக்கு அஞ்சிய போப்பாண்டவரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இசைக்கு அவ்வளவு ஆற்றல் உண்டு என்று நம்பியவர்கள் பெரும்பாலும் அதைத் தடுக்க நினைத்தவர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

ஆந்த்ரீஸன் பிளேட்டோவை வெறுமனே எதிர்த்துப் பாடவில்லை. இசைக்குச் சட்டங்களை மாற்றும் ஆற்றல் இருப்பதாகப் பிளேட்டோ நம்பியது உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கமும் அவருக்கு இருந்தது. படைப்புக்கான குறிப்பில் அதை வெளிப்படையாகவே எழுதினார். அதே குறிப்பில் அவர் ஒரு நுட்பமான வேறுபாட்டையும் காட்டுகிறார். ஒரு சுரத்துக்கோ அதன் நீளத்துக்கோ கட்சி கிடையாது. சுருதி என்பது இயற்கையில் இருப்பது. ஆனால் சுரங்களை எடுத்து மனிதர் அடுக்கத் தொடங்கிய அந்தக் கணத்திலேயே அது பண்பாடாகிவிடுகிறது. பண்பாடு என்றால் சமூகம் உள்ளே வந்துவிடுகிறது. இசைக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு இவ்வளவு நிதானமான விடையை நான் வேறெங்கும் காணவில்லை.

கேட்கும்போது கவனிக்க வேண்டியவை சில. தொடக்கத்தில் நான்கு ஓபோக்கள் மட்டும். நம் நாதஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் கருவி ஓபோ. ஆனால் ஒலி மெலிந்தது, கூர்மையானது. அவை நான்கு சுரங்களுக்குள்ளேயே ஒன்றையொன்று துரத்துகின்றன. பிறகு ட்ராம்போன்கள் கீழிருந்து எழுகின்றன. இந்தப் படைப்பின் குழு அமைப்பே ஓர் அறிக்கை: நான்கு ஓபோ வகைக் கருவிகள், நான்கு ஹார்ன், நான்கு ட்ரம்பெட், நான்கு ட்ராம்போன், இரண்டு ஹார்ப், இரண்டு மின்கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், இரண்டு பியானோ, நான்கு வியோலா, நான்கு பெண் குரல்கள். வயலின் ஒன்றுகூட இல்லை. பிளேட்டோ தடை செய்யச் சொன்ன பல நரம்புக் கருவியான ஹார்ப் மட்டும் தவறாமல் இருக்கிறது. பாடும் பெண்கள் ஓபராப் பாடகிகளைப் போலக் குரலை நடுக்குவதில்லை. நேராக, கூர்மையாக, ட்ரம்பெட்டைப் போலப் பாடுகிறார்கள். யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை. படைப்பின் கடைசிப் பகுதியில் குழு முழுவதும் இரண்டு பாதிகளாகப் பிரிந்து ஒன்றின் அடிச்சுவட்டில் மற்றொன்று விரைகிறது. மாற்றுலக்கை, இந்த முறை முப்பது பேர் கையில்.

இதற்குப் பிறகு அவர் பெரிய பொருள்களையே ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டார். காலம் என்ன என்று கேட்கும் புனித அகுஸ்தீனின் இலத்தீன் உரையைப் பெண்களின் சேர்ந்திசைக்குக் கொடுத்து, ஏறக்குறைய அசையாமல் நிற்கும் ஓர் இசையை 1981-இல் முடித்தார். 1983-இல் வேகத்தைப் பற்றி எழுதினார். அதில் மரக்கட்டைகளில் தட்டும் ஒருவர் படிப்படியாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். ஆனால் கேட்பவருக்கு இசை விரைவது போலவே இராது. தட்டும் வேகம் அல்ல, சுரக்கூட்டுகள் மாறும் வேகம்தான் நமக்கு விரைவு என்ற உணர்வைத் தருகிறது என்பதை அவர் சோதித்தே காட்டினார். இரயிலில் போகும்போது தண்டவாளத்தின் தடதடப்பைவிட சன்னலுக்கு வெளியே காட்சி மாறுவதைக் கொண்டே வேகத்தை அளக்கிறோம் அல்லவா, அதைப் போல.

1989-இல் ஆம்ஸ்டர்டாமில் ராபர்ட் வில்சனின் நெறியாள்கையில் அரங்கேறிய டெ மாதீரி, அதாவது பருப்பொருள், இவற்றின் உச்சம். கதை இல்லாத ஓர் ஓபரா அது. நான்கு பகுதிகளில், உயிரும் அறிவும் சடப்பொருளோடு எப்படிப் பிணைகின்றன என்று நெதர்லாந்து வரலாற்றைக் கொண்டு சிந்திக்கிறது. ஒரே சுரக்கூட்டை 144 முறை அடிப்பதோடு தொடங்குகிறது. முதல் பகுதியில் ஸ்பெயின் மன்னரின் ஆட்சியை உதறிய 1581-ஆம் ஆண்டு அறிவிப்பும், கப்பல் கட்டும் கலை பற்றிய பழைய நூலின் வரிகளும், அணுவைப் பற்றிய 17-ஆம் நூற்றாண்டுச் சிந்தனையும் வருகின்றன. இந்த மாதிரி உரைகளை யார் பாடலாக்க நினைப்பார்கள்? கப்பலின் பலகைகளை எந்த வரிசையில் பொருத்த வேண்டும் என்று பாடகர்கள் முழங்கும்போது, ஆணி அடிக்கும் ஓசையும் இசைக்குழுவின் ஓசையும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டாம் பகுதி 13-ஆம் நூற்றாண்டின் ஞானியான ஹாடெவெய்க் என்ற பெண் கவியின் இறைக்காட்சி. அதன் வடிவம் பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தின் தரைப்படத்தை ஒட்டி அமைந்தது. மூன்றாவது ஓவியர் பீட் மோண்ட்ரியானைப் பற்றியது. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்புக் கோடுகள் என்று கண்டிப்பாக வரைந்த அந்த மனிதருக்கு நடனமும் ஜாஸும் உயிர் என்பதால், கடுமையான கணக்குக்கு நடுவே பூகி-வூகி என்ற நடனத் தாளப் பியானோ துள்ளி வருகிறது; கேட்கத் தொடங்குபவர் இந்தப் பகுதியை மட்டும் தனியாகக் கேட்டாலும் மகிழ்வார். நான்காவது மிக மெதுவானது. கணவர் பியேர் இறந்தபின் மேரி க்யூரி நாட்குறிப்பில் எழுதிய வரிகளை ஒரு நடிகை பேசுவதோடு முடிகிறது. பிற்காலத்தில் ஹைனர் கோபல்ஸ் இதை மேடையேற்றியபோது இந்தப் பகுதிக்கு நூறு ஆடுகளை மேடைக்குள் நடமாட விட்டார்.

திரைப்பட இயக்குநர் பீட்டர் கிரீனவேயோடு சேர்ந்து செய்த மேடைப் படைப்புகளும், தாந்தேயின் காவியத்தைக் கொண்டு 2008-இல் அரங்கேற்றிய லா கமெடியாவும் தனித்தனியாக எழுத வேண்டியவை. பின்னதற்காக 2011-இல் அமெரிக்காவின் க்ராவெமேயர் விருது அவருக்குக் கிடைத்தது. ஹேக் இசைக்கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தார். பிரிட்டனின் ஸ்டீவ் மார்ட்லண்ட், நெதர்லாந்தின் மிஷெல் வான் டெர் ஆ, அமெரிக்காவின் மிஸ்ஸி மஸோலி என்று வெவ்வேறு திசைகளில் சென்ற இசையமைப்பாளர்கள் அவரிடம் பயின்றவர்கள். நெதர்லாந்தில் சிறு சிறு இசைக்குழுக்கள் தழைத்து, உயிரோடிருக்கும் இசையமைப்பாளர்களின் படைப்புகளை வாசிப்பதே அவற்றின் தொழிலானதில் 1969-இன் அந்தக் கிளிக்கர் பொம்மைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

2013-இல் கான்செர்ட்கெபவ் இசைக்குழுவுக்கு 125 வயது நிறைந்தது. அதையொட்டி அக்குழுவே ஆந்த்ரீஸனிடம் ஒரு படைப்பைக் கேட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சிம்பொனி இசைக்குழுவுக்கென்று பெரிய அளவில் எழுதாதிருந்தவர், மிஸ்டேரீன் என்ற பெயரில் எழுதிக் கொடுத்தார். மாரிஸ் யான்சன்ஸ் நடத்தினார். கூச்சல் போட்டு வெளியேற்றப்பட்டவர் அதே கூடத்தில் எழுபத்து நான்கு வயதில் கைதட்டலை ஏற்றதை, அவர் தோற்றார் என்றோ அவர்கள் தோற்றார்கள் என்றோ நான் படிக்கவில்லை. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் அந்தக் குழுவும் மாறியிருந்தது.

கடைசிப் படைப்பு மே. நண்பரும் குழல் கலைஞருமான ஃப்ரான்ஸ் ப்ரூஹனின் நினைவாக எழுதியது. 1964-இலேயே ப்ரூஹனுக்காக ஒரு தனிக்குழல் படைப்பை எழுதியவர் ஆந்த்ரீஸன். 2014-இல் ப்ரூஹன் காலமானார். ஹெர்மன் ஹோர்டர் 1889-இல் வெளியிட்ட மே என்ற நெடுங்கவிதையிலிருந்து வரிகளை எடுத்துக்கொண்டார். புதிய வசந்தம், புதிய ஓசை என்று தொடங்கும் அந்தக் கவிதையின் முதலடியை அறியாத டச்சுக்காரர் அரிது. 2020 டிசம்பரில், கொரோனாக் காலத்தில், அது முதன்முதலாக இசைக்கப்பட்டது. அதற்குள் ஆந்த்ரீஸனின் நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. 2021 ஜூலை 1-ஆம் நாள் வேஸ்ப் என்ற சிற்றூரில், 82-ஆம் வயதில் காலமானார்.

அந்தப் படைப்பை யாருக்கு எழுதினார் என்பதைப் பாருங்கள். ப்ரூஹன் நிறுவிய பதினெட்டாம் நூற்றாண்டு இசைக்குழுவுக்கும் ஒரு சேர்ந்திசைக் குழுவுக்கும். அந்த இசைக்குழுவில் வயலின்கள் உண்டு. ஆனால் அவை பழைய முறைப்படி விலங்கு நரம்பு பூட்டியவை, வாசிப்பவர்கள் நடுக்கத்தை அளவோடு வைப்பவர்கள், ஆள்களும் சிம்பொனிக் குழுவில் இருப்பதைவிடக் குறைவு. வயலினை அவர் வெறுத்ததே இல்லை. அது எந்த வரிசையில், யாரோடு, எப்படி உட்கார்ந்து ஒலிக்கிறது என்பதைத்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.